ஆபரேஷன் தியேட்டரில் படிக்கப் போகும் என் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன நாளிலிருந்து உனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மனதில் சேர்ந்துகொண்டே போகிறது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். ஆபரேஷன் தியேட்டரில் சப்போர்ட் வேலையில் இருந்துகொண்டே ஓடிபி (ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர்) அப்ரென்டிஸ்ஷிப் டிகிரி, அதாவது சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டிகிரி, படிக்கலாமா என்று இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகள் இன்னும் சிலரும் கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

முதலில் சித்தியின் கவலையைத் தீர்த்துவிடுவோம். அப்ரென்டிஸ் என்று கேட்டதுமே படிப்பு வராதவர்கள் போகிற வழி என்று நம் வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லவே இல்லை. ஏறக்குறைய மூன்று வருஷம் படித்து முடித்ததும் உன் கையில் இருக்கப்போவது ஆனர்ஸ் டிகிரி, உன் பெயர் ஏறப்போவது எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான அமைப்பின் பதிவேட்டில். முழுநேரமாக யுனிவர்சிட்டியில் படித்து வருகிறவரின் பெயரும் அதே பதிவேட்டில்தான் ஏறும், இரண்டு பேருக்கும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் பேண்ட் 5 என்ற சம்பளப் படிதான் தொடக்கம். அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை ‘ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர்’ என்று சொல்லிக்கொள்வதற்கே சட்டம் இடம் கொடுக்காது. பணத்தில்தான் வித்தியாசம். அவர் வருஷத்துக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருப்பார், உனக்கு அந்தக் கடன் கிடையாது, ஏனென்றால் பெரிய நிறுவனங்கள் எல்லாம் 2017 ஏப்ரலிலிருந்து தங்கள் சம்பளச் செலவில் 0.5 சதவீதத்தை அப்ரென்டிஸ் பயிற்சிக்கென்று அரசுக்குக் கட்டுகின்றன, உன் கட்டணம் அதிலிருந்து போகிறது. மாதச் சம்பளமும் வரும். படிக்கும் காலத்தில் அது எவ்வளவு என்பது மருத்துவமனையை நடத்தும் டிரஸ்டுக்கு டிரஸ்ட் மாறும், அதனால் கையெழுத்துப் போடும் முன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்.

“அப்போ நர்ஸ்தானே?” என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். இல்லை, இது தனித் தொழில். 1970இல் பிரிட்டனில் வந்த லூவின் அறிக்கை தியேட்டருக்கென்றே பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேண்டும் என்று சொன்னதில் தொடங்கி வளர்ந்தது. 2004இல் கட்டாயப் பதிவு வந்தது. 2017இல் இங்கிலாந்தின் என்.எச்.எஸ். இதை மருத்துவம் சார்ந்த 14 தொழில்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. சித்திக்கு இவ்வளவு போதும்.

இனி உனக்கு.

நீ சப்போர்ட் வேலையில் நன்றாகப் பழகியவள். டேபிளை எப்படித் திருப்புவது, நோயாளியை எத்தனை பேர் சேர்ந்து நகர்த்துவது, ஐந்து ஐந்தாகக் கட்டி வரும் ஸ்வாப்களை (ரத்தம் ஒற்றும் துணிகளை) எப்படிப் பிரித்து எண்ணிப் பலகையில் எழுதுவது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இனி ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று உன்னிடம் கேட்பார்கள். கையை ஏன் 90 டிகிரிக்கு மேல் விரிக்கக் கூடாது? தோள் பக்கம் போகும் நரம்புக் கற்றை இழுபட்டால் ஆபரேஷன் நன்றாக முடிந்தும் அந்த மனிதருக்குக் கை மரத்துக் கிடக்கும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஏன் சூட்டுப் போர்வை போடுகிறோம்? உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் உறைவது தடுமாறும், காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். இதுவரை கை பழகியதற்கு இனி காரணம் சேரும்போது உனக்கே ஒரு சந்தோஷம் வரும், அது எனக்கு நிச்சயம்.

அனஸ்தீசியா (மயக்கம் கொடுக்க உதவுவது), ஸ்க்ரப் (ஆபரேஷனில் கருவிகளை எடுத்துக் கொடுப்பது), ரெக்கவரி (மயக்கம் தெளியும்போது கவனிப்பது) என்று உன் வேலையில் மூன்று பகுதி. மூன்றிலும் உனக்குப் புதிதாக இருக்கப்போவது அனஸ்தீசியாதான், ஏனென்றால் சப்போர்ட் வேலையில் அந்த அறைக்குள் அதிக நேரம் நின்றிருக்க மாட்டாய். காலையில் முதல் வேலை மயக்கம் கொடுக்கும் மெஷினின் செக்: சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன், அது நின்றுபோனால் பின்னால் இருக்கும் சிலிண்டர், குழாய்களில் கசிவு, சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் சக்‌ஷன், எதுவுமே வேலை செய்யாவிட்டால் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. இதை யாரோ ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்று ஒரு நாளும் விடாதே. அப்புறம் மூச்சுக்குழாய் உபகரணங்கள். டாக்டர் முதலில் கேட்பதை மட்டும் எடுத்து வைத்தால் போதாது, அது தோற்றால் அடுத்தது, அதுவும் தோற்றால் அதற்கடுத்தது என்று மனதுக்குள் வரிசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கழுத்தில் கிரிக்காய்டு குருத்தெலும்பை அழுத்தச் சொல்வார்கள், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடாமல் இருக்க. நோயாளி மயங்கிய பிறகு சுமார் 30 நியூட்டன் அழுத்தம் என்று புத்தகத்தில் இருக்கும், அது எவ்வளவு என்று கைக்கு எப்படித் தெரியும்? முனையை மூடிய 50 மில்லி சிரிஞ்சில் காற்றை 33 மில்லி வரும்வரை அழுத்திப் பார், கிட்டத்தட்ட அதுதான். தினமும் பழகு.

இன்னொன்று டான்ட்ரோலின் என்ற மருந்து. அது மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கு, அதாவது சில மயக்க மருந்துகளால் உடல் ஆபத்தான அளவு சூடேறும் நிலைக்கு. அது அபூர்வம், பல பேர் முழுப் பணிக்காலத்திலும் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் வந்தால், மயக்க வாயுவை நிறுத்திய கையோடு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 175 மில்லிகிராம், 20 மில்லிகிராம் குப்பி என்றால் ஒன்பது குப்பி, ஒவ்வொன்றிலும் 60 மில்லி ஸ்டெரைல் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும், சலைன் கூடாது. இது முதல் டோஸ் மட்டும்தான். நாலைந்து பேர் வேறெதையும் பார்க்காமல் இதையே செய்தால்தான் நேரத்துக்கு ஆகும். டான்ட்ரோலின் உங்கள் தியேட்டரில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதல் வாரமே போய்க் கண்ணால் பார்த்துவிடு. மூச்சுக்குழாய் டிராலியும் அப்படியே. 2222 என்ற மருத்துவமனையின் அவசர உதவி எண்ணை அழைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அப்படியே.

இதெல்லாம் எப்படியும் கற்றுக்கொள்வாய். நான் இந்தக் கடிதம் எழுதுவது வேறொன்றுக்காக.

2005 மார்ச்சில் எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண் இங்கிலாந்தில் சைனஸ் ஆபரேஷனுக்காகப் படுத்தார். சாதாரண ஆபரேஷன், இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. மயக்கம் கொடுத்த பிறகு அவருக்கு மூச்சுக் கொடுக்க முடியவில்லை, குழாயும் போடமுடியவில்லை. அறையில் இருந்த டாக்டர்கள் அனுபவசாலிகள், திறமைசாலிகள். அவர்கள் குழாயைப் போட்டுவிடவே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள், ஆக்சிஜன் நீண்ட நேரம் ஆபத்தான அளவுக்குக் கீழேயே இருந்தது. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, இதோ இருக்கிறது என்று சொல்லியும் இருக்கிறார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கை கேட்டார், பிறகு அங்கே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து, தான்தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று அதை ரத்து செய்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை டாக்டர்கள் காதில் விழும்படி எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எலெய்ன் சில நாளில் இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமானி. ஒருவரையும் திட்டாமல், விமானத்தில் துணை விமானி குரல் கொடுக்கப் பயிற்சி தருவதுபோல மருத்துவமனையிலும் ஏன் தரக்கூடாது என்று கேட்டு, 2007இல் கிளினிக்கல் ஹியூமன் ஃபேக்டர்ஸ் குரூப்பை ஆரம்பித்தார். இன்று இந்த நாட்டில் தியேட்டருக்கு வரும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் பாடம் எடுக்கிறோம்.

உன்னை நினைத்தால் இது எனக்கு உறுத்துகிறது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை, நோயாளிகள் உன்னிடம் அமைதியாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கன்சல்டன்ட், அதாவது மூத்த டாக்டர், இடது காலுக்கு மார்க் போட்டிருக்க வலது கால் கழுவப்படுகிறது என்றால், கடைசி எண்ணிக்கையில் ஒரு ஸ்வாப் குறைகிறது, அவரோ தையல் போடத் தொடங்கிவிட்டார் என்றால், அந்த இடத்தில் பேசாமல் நிற்பதற்கு மரியாதை என்று பெயர் வைக்க முடியாது. மயக்கத்தில் இருப்பவர் தனக்காக ஒரு வார்த்தை பேச முடியாது. நீ முதல் வருஷ மாணவிதான், சரி. அவரைவிட உனக்கு அந்த நேரத்தில் குரல் இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்பதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷிலேயே சொல்லிப் பழகு. “ஐ ஆம் கன்சர்ன்ட்” (எனக்குக் கவலையாக இருக்கிறது) என்று ஆரம்பி. கேட்கவில்லையா, “ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள்” (எனக்கு இது சரியாகப் படவில்லை). அதற்கும் நிற்கவில்லையென்றால் “திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ, ப்ளீஸ் ஸ்டாப்” (இது பாதுகாப்புப் பிரச்சினை, தயவுசெய்து நிறுத்துங்கள்). மூன்றே படி. தெளிவாக, பெயர் சொல்லி, அந்த மனிதரைப் பார்த்து. கோபம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வெட்டுவதற்கு முன் எல்லோரும் நின்று பாதுகாப்பு செக்லிஸ்ட்டைச் சரிபார்க்கும் டைம் அவுட்டின்போது எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்வார்கள் அல்லவா, அப்போது நீயும் உன் பெயரை உரக்கச் சொல். ஒரு தடவை அந்த அறையில் உன் குரல் கேட்டுவிட்டால் அடுத்த தடவை பேசுவது எளிது. அந்த செக்லிஸ்ட் வெறும் தாள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்தது, எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. அந்த நகரங்களில் லண்டனும் ஒன்று. யாராவது அதை மளமளவென்று வாசித்துத் தள்ளினால் நீயாவது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கவனி.

இதே குரல் உனக்காகவும் வேண்டும். அப்ரென்டிஸ்களுக்கு வரும் பெரிய தொல்லை பழகிய முகம் என்பதுதான். நீ அதே தியேட்டரில் வேலை பார்த்தவள், ஆள் குறைவாக இருக்கும் நாளில் “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இன்று ஒரு லிஸ்டுக்கு மட்டும் சர்குலேட் பண்ணிவிடு” என்பார்கள், அதாவது அன்றைய ஆபரேஷன்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துச் சுற்றி வரும் பழைய வேலை. கேட்பவர் உன் தோழியாகக்கூட இருப்பார், மறுக்க மனம் வராது. ஒரு நாள் செய்வாய், அப்புறம் அது வழக்கமாகிவிடும், வருஷக் கடைசியில் உன் போர்ட்ஃபோலியோ என்ற பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டிய பக்கங்கள் வெறுமையாக நிற்கும். என்னிடம் பயிற்சிக்கு வந்த நல்ல பிள்ளைகள் இதில் மாட்டி அழுததைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி நேரம் உன் சம்பள நேரத்துக்குள்ளேயே வர வேண்டும் என்பது விதி, யாரும் செய்யும் தயவு இல்லை. பிளேஸ்மென்ட் என்ற தியேட்டர் பயிற்சி நாளில் நீ பணியாளர் கணக்கில் சேராத ஆள், கற்றுக்கொள்ள வந்தவள். மேலாளரிடம் மெதுவாகச் சொல், நடக்கவில்லையென்றால் யுனிவர்சிட்டி டியூட்டரிடம் மெயிலில் சொல். தேதி போட்டு எழுதி வை.

ரெக்கவரியைப் பற்றி ஒன்றே ஒன்று. நம் ஊர்ப் பாட்டி ஒருவர் கண் விழித்ததும் தமிழில் முனகுவார், வார்டே உன்னைத் தேடும். “பாட்டி, எல்லாம் முடிந்தது, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்று நீ சொன்னால் அவர் முகமே மாறும், தாராளமாகச் சொல். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதக் கையெழுத்து வாங்க உன்னை மொழிபெயர்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சொல். ஒரு வார்த்தை நழுவினாலும் அவர் எதற்குச் சம்மதித்தார் என்பதே மாறிவிடும்.

புரோபோஃபால், ரோகுரோனியம், சுகமாடெக்ஸ் என்று மருந்துப் பெயர்கள் முதலில் மிரட்டும். அன்றன்று கையில் எடுத்த ஆம்பூலை மட்டும் அன்று இரவு படி, போதும். கட்டுரைகளை ஷிஃப்ட் முடிந்த இரவில் எழுதலாம் என்று மட்டும் நம்பாதே, விடுமுறை நாளின் காலையை அதற்கு ஒதுக்கு.

முதல் பயிற்சிப் பிளாக் அனஸ்தீசியாவா ஸ்க்ரப்பா என்று தெரிந்ததும் எனக்குச் சொல். அனஸ்தீசியா என்றால் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, சிரிஞ்சும், குழாய் போடத் தொண்டையைப் பார்க்கும் பழைய லாரிங்கோஸ்கோப்பும் வைத்திருக்கிறேன், மெஷின் செக்கை வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா