கொல்லிமலை அடிவாரத்து மெக்கானிக்குகளுக்கு: கிளட்ச் ஒயர் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

சேந்தமங்கலம், காரவள்ளி, நாமக்கல் வட்டாரத்தில் இரு சக்கர வாகனப் பட்டறை நடத்தும் உங்கள் அனைவருக்கும் இதை எழுதுகிறேன். ஆடி பிறக்கச் சில வாரங்களே உள்ளன. பதினெட்டாம் பெருக்கையும் வல்வில் ஓரி விழாவையும் ஒட்டி அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிறவர்களின் வண்டிகளில் பல, 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதற்கு முன் உங்கள் வாசலில் வந்து நிற்கும். பிரேக்கைப் பார்க்கச் சொல்வார்கள், ஆயில் மாற்றச் சொல்வார்கள். இடது கை லிவரைக் கிளட்சோடு இணைக்கும் கிளட்ச் ஒயரைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் அதைப் பார்க்க வேண்டும், தேய்ந்திருந்தால் அறுவதற்கு முன்பே மாற்றித்தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சென்ற ஆண்டு என் வண்டியில் மனைவியுடன் மலையேறிக்கொண்டிருந்தேன். 23ஆவது வளைவில், மேலிருந்து இறங்கிய பேருந்து சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பியதால், ஓரங்கட்டி, முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நின்றேன். பேருந்தின் பின்சக்கரம் என் காலுக்கு அருகே உருண்டுகொண்டிருந்த நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கையிலிருந்த லிவர் கனமற்றுப் போனது, வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளி அணைந்தது. அந்த ஒரு முழத்தில் சக்கரமும் நாங்களும் மோதிக்கொள்ளாதது எங்கள் நல்ல நேரம். அந்த ஏற்றத்தில் கிளட்ச் இல்லாமல் இருவரை ஏற்றிக்கொண்டு மீண்டும் கிளம்ப வழியே இல்லை. மனைவியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வண்டியைத் திருப்பிச் சரிவில் உருளவிட்டு, இரண்டாம் கியரைத் தட்டி, எஞ்சினின் இழுப்பிலேயே அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

பழைய ஒயரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. ஒயர் முனையில் லிவருக்குள் உட்காரும் உலோகக் குமிழான நிப்பிளின் கழுத்தில் அறுந்திருந்த மெல்லிய கம்பிப் புரிகளில் பெரும்பாலானவற்றின் முனை துருவேறிக் கறுத்திருந்தது. நான்கைந்து முனைகள் மட்டுமே புதுக்கம்பிபோல் பளபளத்தன. அதாவது, அன்று அறுந்தவை அந்த நான்கைந்துதான். மற்றவை பல நாள்களுக்கு முன்பே ஒவ்வொன்றாக விட்டுப்போயிருந்தன. அந்த விபத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில், லிவர் லூசாக இருக்கிறது என்று சொல்லி மூன்று முறை பட்டறைக்குப் போயிருந்தேன். மூன்று முறையும் ஒயரின் தளர்வைச் சரிசெய்யும் திருகான அட்ஜஸ்டரை இரண்டு சுற்றுத் திருகிக்கொடுத்து அனுப்பினார்கள். ரப்பர் உறையைத் தள்ளி உள்ளே பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

உங்களுக்குத் தொழில் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. ஆயினும், அடிபட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிப்பிள் லிவரின் குழிக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்து அது இறுகிவிட்டால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்கிறது, புரிகள் அங்கேதான் முதலில் அறுகின்றன. ஒரு துளி கிரீஸ் வைத்தால் தள்ளிப்போடக்கூடிய சாவு அது. அட்ஜஸ்டரில் அடிக்கடி கைவைக்க வேண்டியிருந்தாலோ, அதன் மரை ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்திருந்தாலோ, இன்னொரு சுற்றுத் திருகுவது பழுதை மறைப்பதாகவே முடியும். லிவர் கனத்துப்போவதும், பிடித்து விடும்போது உள்ளே மணல் உரசுவதுபோல் நெருடுவதும், நியூட்ரல் விழ மறுப்பதும், கிளட்சைப் பிடித்திருந்தும் வண்டி ஊர்ந்துகொண்டே இருப்பதும் கிளட்ச் பிளேட்டின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் பிளேட்டைப் பிரிப்பதற்கு முன் ஒயரைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரே ஒரு புரி அறுந்து விரலில் குத்தினாலும் அந்த ஒயரை மலைக்கு அனுப்பாதீர்கள்.

மாற்றும்போது, அவசரத்தில் புதிய ஒயரைக் கைக்கு வந்த வழியில் நுழைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பழைய ஒயரின் முனையில் புதியதைக் கட்டி இழுத்தால் கம்பெனி வைத்த அதே தடத்தில் அது போய் அமர்ந்துகொள்ளும். தடம் மாறினால் ஹேண்டிலைத் திருப்பும் இடத்தில் நசுங்கும். கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கும்போது ஒயர் இழுபட்டுக் கிளட்ச் தானாகவே பாதி பிடித்துக்கொள்ளும். எனவே மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, லிவரின் தளர்வு மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றுக்கு லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு கேட்கிறார்கள். லிவர் தளர்வே இல்லாமல் கல்லுப்போல் இருந்தால்தான் பிடிக்கும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தாலும், பிளேட் வழுக்கிக் கருகும் என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஒரு பொருளை மாற்றச் சொன்னால், பில்லை ஏற்றப் பார்க்கிறான் என்ற பேச்சு வரும். "இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதற்காகத்தான் கேட்கிறேன்: ரப்பர் உறையைத் தள்ளி, லிவரைப் பிடித்து, வாடிக்கையாளரின் கண்ணெதிரே நிப்பிளின் கழுத்தைக் காட்டுங்கள். மாற்றினால் பழைய ஒயரை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் சீட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் பொருள் இது. பார்த்த பிறகும் வேண்டாம் என்பவர் விருப்பப்படி போகட்டும்.

வண்டியின் ரகத்துக்கு ஏற்ற ஒயர் மலைமேல் உடனே கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. ஆகையால் ஆடிக் கூட்டத்துக்கு முன் அதிகம் பேர் ஓட்டும் ரகங்களுக்கான ஒயர்களைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். என் வண்டியின் ஒயர் இப்போது பதினொரு மாதம் ஓடியிருக்கிறது. வரும் ஞாயிறு காலை அதைக் காட்டுவதற்கு வருகிறேன்.

இப்படிக்கு,
வாரந்தோறும் மலையேறும் வண்டிக்காரன் ஒருவன்