ஒட்டுமுன் வாசித்துக் காட்டு

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். சார் தாத்தா காலமான செய்தியைச் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சொன்னபோது, நான்கு வார்த்தைக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. நீயும் பதறிப்போய், "அழாதீங்கப்பா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். பொங்கலன்று கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு நம் வீட்டுக்கு வந்துபோகும் முதியவராகத்தான் உனக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் யார் என்பதை இத்தனை ஆண்டுகளில் உன்னிடம் முறையாகச் சொன்னதே இல்லை என்பது அன்றிரவுதான் உறைத்தது.

நான் 1974இல் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தேன். உன் தாத்தா அப்போது தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தார். எங்கள் வகுப்பில் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள்தாம். சார் எங்களுக்குத் தமிழும் கணக்கும் நடத்தினார். அவருடைய உண்மையான வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல், அவர் வீட்டு வாசலில் கிடந்த மரப்பெஞ்சில் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இன்லேண்ட் லெட்டரும் மணியார்டர் பாரமுமாக அங்கே வருவார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளான நாங்கள் நான்கைந்து பேர் அவர்களுக்காக எழுதுவோம். சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மணியார்டரில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். 1972இல் வந்த பின்கோடு அப்போது பலருக்குப் புதிது. திருநெல்வேலிப் பகுதி ஊர்களுக்கு 627இல் தொடங்கும் என்று சொல்லி, ஒவ்வோர் ஊருக்கும் உரியதை மனப்பாடம் செய்ய வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதைச் சொன்னவரிடம் வாசித்துக் காட்டாமல் கடிதத்தை ஒட்டக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தார்.

அந்தக் கண்டிப்பின் காரணம் எனக்குப் புரிந்த நாளை உன்னிடம் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஓர் அம்மாள் ஊரிலிருக்கும் தன் தாய்க்குக் கடிதம் எழுத வந்தாள். கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது என்பதே செய்தி. அதை அவள் அழாமல், சுவரைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள். எனக்குக் கை ஓடவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதி முடித்துவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியம் எனக்கு. சார் வழக்கம்போல, "வாசிடே" என்றார். அவள் சொன்னதையே வாசிப்பதுபோல் பாவனை செய்திருக்கலாம். ஆனால் அவர் பார்வை தாளின்மேல் இருந்தது. எழுதியபடியே வாசித்தேன். அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்து, "நான் அப்படிச் சொல்லலையே ராசா" என்றாள்.

சார் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்த் தன்னிடமிருந்த இன்னொரு இன்லேண்டை எடுத்து வந்து, பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். "இந்தம்மா சொன்னத மாத்த நமக்கு உரிமை இல்லடே. எழுது, நான் இருக்கேன்" என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை அழுதாள். நானும் அழுதுகொண்டே எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அவள் தலையசைத்துத் தாளை வாங்கித் தானே எச்சில் தொட்டு ஒட்டினாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எனக்குக் கிடைத்த இந்தப் பாடத்தை வேறு யாராலும் கொடுத்திருக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்களுக்கு மராட்டியும் அவரே கற்றுத் தந்தார். 1960களின் இறுதியில் இந்நகரில் தென்னிந்தியர்மீது எழுந்த வெறுப்பை நேரில் கண்டவர் அவர். ஆனாலும் கசப்போடு அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சாலையோரம் எங்களை நிறுத்தி, பெஸ்ட் பேருந்துகளின் நெற்றியில் மராட்டி எழுத்தில் இருக்கும் தட எண்களை வாசிக்கச் சொல்வார். நான் ஐந்தையும் ஆறையும் குழப்பிக்கொண்டு எத்தனையோ பேருந்துகளைத் தவறாகச் சொல்லியிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிட்டதால், அந்த எழுத்துதான் எனக்கு அடுத்த பள்ளியில் கைகொடுத்தது.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம் நடந்தது உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முந்தைய காலம். ஊரில் செய்தித்தாள் பார்த்தவர்கள், இங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே அறியாமல் தவித்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் சார் அஞ்சலகத்துக்குப் போய் 15 பைசா அஞ்சலட்டைகளை ஒரு கட்டாக வாங்கி வந்தார். வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் எங்களைக் கூப்பிட்டுச் சந்து சந்தாக அனுப்பினார். மேலப்பாளையத்துக்குப் போக வேண்டிய அட்டைகளும் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டியவையும் என் கையில் ஒரே கட்டாக இருந்தன. ஒரு முதியவரிடம், ஊருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "இருக்கேன்" என்றார். சாருக்கு அதைக் காட்டி, இன்னும் இரண்டு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். "அவரு சொன்னது அவ்வளவுதானடே" என்று சொல்லி, முகவரியை மட்டும் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

தன்னிடம் வந்த ஒவ்வொரு குடும்பத்தின் ஊர் முகவரியையும் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு கரை கடந்தபோது, அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நோட்டில் மை கரைந்து ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகியிருந்த மனிதர், தண்ணீர் வடிந்ததும் புது நோட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். எல்லோரிடமும் கைப்பேசி வந்துவிட்ட பிறகும் அதை அவர் விடவில்லை. அது வீண்வேலை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

கடைசி மூன்று ஆண்டுகள் அவருக்குக் கண் தெரியவில்லை. ஞாயிறுதோறும் நான் போய், வந்த கடிதங்களை வாசித்துக் காட்டுவேன். பதிலை அவர் சொல்லச் சொல்ல எழுதி, அதையும் வாசித்துக் காட்டுவேன். ஓரிடத்தில் நான் சொல்லை மாற்றியிருந்தால் உடனே விரலை உயர்த்துவார்.

சயான் மயானத்துக்கு அவரைக் கொண்டுபோனபோது பழைய மாணவர்கள் மாறி மாறித் தோள் கொடுத்தோம். கும்பார்வாடாவிலிருந்து குயவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களையும் அவர் எழுதித் தந்திருக்கிறார் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கணக்கெடுப்பு எண் எழுதிய அவர் வீட்டுக் கதவை நான்தான் பூட்டிவிட்டு வந்தேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நோட்டை என்னிடம் கொடுத்துவிடும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

இந்தக் கடிதத்தை முழுவதும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது உன் முகவரி. நீ ஊருக்குக் கிளம்பிய வாரம் அவர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பி, நீ சொல்லச் சொல்ல எழுதியது. பார்வை மங்கத் தொடங்கியிருந்ததால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அதைப் பார்த்தே உறையின்மேல் எழுதியிருக்கிறேன். கதவு எண் 17ஆ, 11ஆ என்று எனக்கும் அம்மாவுக்கும் சந்தேகமாக இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் எழுது, நோட்டில் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா