மனு ரசீதின் வெற்றுப் பக்கம்

தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

குடும்பத் தகராறு ஒன்று காவல் நிலையத்தின் படியேறிவிட்டால், இரு தரப்பார் கையிலும் ஏதாவதொரு தாள் வந்து சேர்கிறது. அது என்ன தாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக அமர்ந்து அந்தத் தாள்களைப் படித்துச் சொல்வதே என் வேலையாகிவிட்டதால் இந்த மடலை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பெண், ஆதார் நகலையும் கல்யாணப் பத்திரிகையையும் நான்காக மடித்த ஒரு தாளையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "கேஸ் போட்டு நாலு மாசம் ஆச்சுங்க, இன்னும் கோர்ட்டுல கூப்பிடல" என்றார். மடிப்பு நைந்திருந்த அந்தத் தாள் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. அவர் மனு கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. முதல் தகவல் அறிக்கை பதிவாகவே இல்லை. நான்கு மாதமாக அவர் காத்திருந்தது இல்லாத ஒரு வழக்குக்காக.

குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உண்மைதான். ஆனால் அந்த விசாரணை கால வரம்பில்லாமல் நீளலாம் என்று அது சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் இத்தகைய விசாரணைக்கு 14 நாள் தருகிறது. வழக்குப் பதிவானால் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்; பதிய மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். இவற்றில் எதையும் அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, முதல் தகவல் அறிக்கை இல்லாமலேயே நடுவரிடம் நேரடியாக மனுச் செய்து, பாதுகாப்பும் குடியிருக்கும் உரிமையும் பண உதவியும் கேட்கலாம் என்றபோது அவர் நம்பவே இல்லை. வேறு யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பின் நிலையும் இதேதான். கணவரோ அவர் உறவினர்களோ கொடுமை செய்ததாகக் கூறும் குற்றம், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இன்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. தண்டனை மூன்றாண்டு வரை. இத்தகைய வழக்குகளில் எந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. கைது தேவைப்படாதபோது காவல் துறை, முன்னிலையாகுமாறு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பைக் கைது வாரண்ட் என்று நினைத்து, ஒரு இளைஞர் வயதான தாயைத் தனியே விட்டுவிட்டு வெளியூர் போய்த் தலைமறைவாகிவிட்டார். அறிவிப்பின்படி நடந்துகொள்பவரைக் காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்ய முடியாது; அதை மதிக்காமல் இருப்பதுதான் கைதுக்கு வழி திறக்கிறது. அவரைக் காக்க வந்த தாளுக்குப் பயந்து அவர் ஓடியிருந்தார்.

எனக்கு அதிகம் கவலை தருவது மூன்றாவது தாள்: காவல் நிலையத்தில் "எழுதிக் கொடுப்பது". 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய மாநிலம் இது. அங்கே பேசிச் சமாதானம் செய்துவைப்பதில் பல குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் "இனி எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டேன், எனக்கு எதுவும் வேண்டாம்" என்று மற்றவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்திட்டு, நகல்கூட வாங்காமல் வெளியே வரும் பெண், ஜீவனாம்சமும் சீர் நகையும் அத்தோடு போய்விட்டன என்றே எண்ணிக்கொள்கிறார். சீதனம் மனைவிக்கே உரியது என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஜீவனாம்சத்தை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின்கீழ் தனியாகக் கேட்கலாம். காவல் நிலையத்துத் தாள் அந்த வழியை அடைத்துவிடாது. இன்னொரு குழப்பம்: நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவில் வழக்குப் பதிவான பின் சமாதானமாகி, "வாபஸ் வாங்கிட்டோம்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சம்மன் வந்து சேர்கிறது. சமாதானமானாலும் அந்த வழக்கை முடிக்க உயர் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்து ரத்துச் செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

கருத்தரங்கும் விழிப்புணர்வுப் பேரணியும் நான் கேட்கவில்லை. மனு ரசீதின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இது வழக்குப் பதிவு அல்ல என்பதையும், அடுத்து யாரிடம் போகலாம் என்பதையும், பெண்களுக்கும் காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார் என்பதையும், 15100 என்ற உதவி எண்ணையும் அதில் பெரிய எழுத்தில், பேசும் தமிழுக்கு நெருக்கமான தமிழில் அச்சிடக் காவல் துறைத் தலைமையிடம் ஆணைக்குழு பேச வேண்டும். 35(3) அறிவிப்பின் பின்பக்கத்துக்கும் இதுபோலவே நான்கு வரி போதும். எழுதிக் கொடுக்கும் எதற்கும் அன்றே நகல் தர வேண்டும் என்ற அறிவுறுத்தலும் வேண்டும்.

வாசகத்தை எழுதித் தர மாவட்ட ஆணைக்குழுக்களின் தன்னார்வலர்கள் தயாராக இருப்பார்கள்; முதல் வரைவை நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சட்ட உதவி மையத் தன்னார்வலர் ஒருவர்