கூத்துக்கு மரம் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

செய்யாறு பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் இந்த வருடமும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. கடைசி நாள், மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின் மேல் பீமன் அவனைக் கொல்லும் படுகளம், அப்புறம் தீமிதி. எதுவும் விட்டுப்போகாமல் நடந்ததற்கு நீங்கள்தான் காரணம், அண்ணா.

கூத்தில் கட்டும் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்குவது. எடை குறைந்த மரம் என்பதால்தான் அதைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் சுழன்று ஆட முடிகிறது. எங்கள் குழுவின் பழைய கட்டை அணிகளைப் பூச்சி அரித்து, அவற்றில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன. உங்கள் நிலத்து மரத்தையே வெட்டிக் கொடுத்தீர்கள், செதுக்கு கூலியும் தந்தீர்கள்.

நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்னக் குழலான முகவீணை பழகும் பிள்ளைகளுக்கு வாத்தியார் சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டீர்களே, அதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். ஆர்மோனியத்துக்கு ஆள் கிடைத்துவிடும். முகவீணைக்கு ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வருகிற வருகையே களை இழந்துவிடும்.

பேனரில் பெயர் வேண்டாம் என்றீர்கள். சரி, போடவில்லை. அடுத்த வருடம் கர்ண மோட்சக் கூத்து அன்று அண்ணி, பிள்ளைகளோடு கட்டாயம் வந்துவிடுங்கள். முன்வரிசையில் பாய் விரித்து வைக்கிறோம்.