பை கைக்கு வருமுன்

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, நேசநாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கரையில் பேக்பைப் (காற்றுப் பையோடு குழல்கள் பொருத்திய வாத்தியம்) ஊதியபடி நடந்த பில் மில்லினைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 21 வயதுப் பையன், துப்பாக்கி இல்லாமல், குண்டு மழையில்! மெய்சிலிர்க்கத்தான் செய்தது. ஆனால், ‘மூன்று குழல்களிலும் மாறி மாறி வாசித்தார்’ என்று எழுதியிருப்பது தவறு. தோளில் சாய்ந்து நிற்கும் அந்த மூன்றும் நாகஸ்வரக் கச்சேரியின் ஒத்து போல, சுருதிக்கு மட்டும்தான். பாட்டெல்லாம் கீழே விரல் வைக்கும் ஒரே குழலில், ஒன்பதே சுரங்களில்.

என் வருத்தம் வேறு. பைப்பர் என்றாலே போர்க்களத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ராணுவப் பைப்பர் டொனால்ட் மெக்லவுட் 1940-இல் பிரான்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி வந்தவர். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஓய்வுபெற்ற பிறகு அவர் ஒலிநாடாவில் பதிந்து வைத்த பாடங்கள். முதலில் வாயால் பாடிக் காட்டுவார், பிறகு ஊதிக் காட்டுவார். நம் நட்டுவனாரின் சொற்கட்டு போல அவர்களுக்கும் ஒன்று உண்டு. இன்னொரு பைப்பர் ஜான் பர்ஜெஸ் 16 வயதில், 1950-இல், ஸ்காட்லாந்தின் ஓபன், இன்வர்னெஸ் ஊர்களில் நடக்கும் பைப் போட்டிகள் இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்றவர், ராணுவத்திலும் ஊதியவர். பின்னாளில் ஸ்காட்லாந்தின் வடக்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நானும் ராணுவ பேண்டில் ஊதியவன். முதல் ஆறு மாதம் பையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. பயிற்சிக் குழல் மட்டும்தான். பைப்பில் சீவாளி உதட்டில் இருக்காது. அதனால் நாக்கால் தட்டிச் சுரத்தை வெட்ட முடியாது, காற்றும் நிற்காது. ஒரே சுரம் இரண்டு முறை வரவேண்டுமானால், நடுவில் இன்னொரு விரல் கண்ணிமைக்கும் நேரம் எழுந்து விழ வேண்டும். என் விரல் சோம்பும்போதெல்லாம் உஸ்தாத் பென்சிலால் தட்டுவார். குண்டு பறக்கும் கரையில் மில்லினின் விரல்கள் தாமாக ஓடியதற்கு, முன்பு எந்த வாத்தியார் எத்தனை முறை தட்டினாரோ! கட்டுரையாளர் அதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

இப்போது மாலையில் மொட்டைமாடியில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுக்கும் இன்னும் பை கொடுக்கவில்லை. எப்போது கொடுப்பேன் என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கிறார், கொஞ்சம் கவலையோடு.

ஓய்வுபெற்ற ஹவில்தார்,
குன்னூர்