விண்ணப்பம் போடுபவருக்கும் சட்டம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தங்கை மகள் டர்பனில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். கம்ப்யூட்டரில் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்கிற மாதிரிக் கேள்விகள். வீட்டில் எப்படியோ அப்படியே பதில் சொன்னாள். நாலு ஆங்கில எழுத்தில் முடிவு வந்தது: உள்முக ஆள், அதாவது தனிமையை நாடுபவள், இந்த வேலைக்குச் சரிவராது. நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. காவடித் திருவிழா அன்னதானத்தில் முன்பின் தெரியாதவர்களையும் விசாரித்துப் பந்தியில் உட்கார வைக்கிற பெண் அவள்.

"விடுங்க அக்கா, அவ நேரம் அப்படி" என்கிறாள் தங்கை. எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த நாலெழுத்து முறைக்கு மூலம் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை வைத்து, முறைப்படி உளவியல் பயிலாத ஒரு தாயும் மகளும் உருவாக்கியது. பெரும்பாலோருடைய மதிப்பெண் நடுவில்தான் விழும். அந்த நடுவிலேயே கோடு கிழித்து, இந்தப் பக்கம் உள்முகம், அந்தப் பக்கம் வெளிமுகம் என்கிறார்கள். கோட்டை ஒட்டி இருப்பவர் சில வாரம் கழித்து எழுதினால் பக்கம் மாறிவிடலாம். பலர் மாறுகிறார்கள் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஆளைக் கழிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மையர்ஸ்-பிரிக்ஸ் அமைப்பே சொல்கிறது!

எல்லாத் தேர்வையும் நான் ஒதுக்கவில்லை. நம் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அப்போதிருந்த 11 ஆட்சிமொழிகளிலும் மக்களைப் பேட்டி கண்டு ஓர் ஆளுமை அளவுகோலை உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட உழைப்பை மதிக்கிறேன்.

ஆடைத் தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவள் நான். 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். உளவியல் தேர்வு செல்லத்தக்கது, நம்பகமானது என்று அறிவியல்பூர்வமாகக் காட்டியிருக்க வேண்டும். எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் பாதகமாகச் சாயக் கூடாது. இல்லையென்றால் அந்தத் தேர்வுக்கே தடை. வேலையில் சேராதவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். விண்ணப்பதாரரும் இதில் அடக்கம் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது.

ஆகவே நிராகரிக்கப்பட்டவர்கள் சும்மா இருக்க வேண்டாம். எந்தத் தேர்வு, என்ன ஆதாரம், முடிவை விளக்கியது யார் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பேசித் தீரவில்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சி.சி.எம்.ஏ. என்கிற தொழில் தகராறு சமரச ஆணையத்துக்குப் போகலாம். எங்கள் கடிதம் போய்விட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்