பொருளுக்கு முன்பே வேலை செய்வது எது?

கோபிசெட்டிபாளையம்,
மாசி மாதம்.

அன்பு நண்பர் பழனிச்சாமி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். மஞ்சள் வெட்டு முடிந்து, வேகவைத்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறோம். இந்த ஆண்டு ஈரோட்டுச் சந்தையில் விலை நிற்கும் என்று நம்புகிறோம். பேத்தி வள்ளி கும்மி பழகுகிறாள். இரவு உணவு முடிந்ததும் ஊரே கோயில் வாசலில் கூடிவிடுகிறது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் எழுப்பியிருந்த கேள்வி சில நாள்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

காலத்தைக் கடந்து நிற்கும் பாட்டை நிற்க வைப்பவை வரிகளே, மெட்டு அவற்றுக்குத் துணை மட்டுமே என்று எழுதியிருந்தீர்கள். சான்றுக்குக் கண்ணதாசனையும் அழைத்திருந்தீர்கள். கண்ணதாசன் மீது எனக்கு உள்ள மதிப்பு உங்களுடையதற்குக் குறைந்ததன்று. அவர் திரைக்கு எழுதிய முதல் பாட்டு 1949இல் ஜூபிடர் நிறுவனம் எடுத்த ‘கன்னியின் காதலி’ படத்தில் வந்தது என்பதும், அந்நிறுவனம் அப்போது நம் கோவையின் சென்ட்ரல் ஸ்டுடியோவில் படமெடுத்து வந்தது என்பதும், பிற்காலத்தில் அவருடைய வரிகளை வீடுதோறும் கொண்டு சேர்த்த எம். எஸ். விசுவநாதன் அதே ஜூபிடரில் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவில் எடுபிடி வேலை பார்த்தவர் என்பதும் கொங்கு நாட்டில் பிறந்த எனக்குப் பெருமை தரும் செய்திகள். ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 1969இல் வெளிவந்த ‘ஆராதனா’ என்ற இந்திப் படத்தின் பாடல்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் எப்படிப் பரவின என்பதை நினைத்துப் பாருங்கள். எஸ். டி. பர்மனின் மெட்டையும் கிஷோர் குமாரின் குரலையும் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், நாமும்தானே கல்லூரி விடுதியில் அவற்றைப் பாடித் திரிந்தோம்? பொருள் புரியாத பாட்டு மனிதனை ஆட்கொள்ளும் என்றால், பொருளுக்கு முன்பே அங்கே வேறொன்று வேலை செய்கிறது.

அது எது என்பது கும்மிப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெளிந்தது. ஆசிரியர் ஓர் அடியைப் பாடுகிறார். ஆடுபவர்கள் காலடியும் கைத்தட்டும் பிசகாமல் அதே அடியைத் திருப்பிப் பாட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இசை பயின்றவர்கள் எவரும் இல்லை. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக் கூடியதும், ஒரு முறை கேட்டதும் வாயில் உட்காருவதுமான அடி அங்கே உடனே பிடித்துக்கொள்கிறது. அப்படி அமையாத அடியில் கால்கள் தடுமாறுகின்றன. திரைப்பாட்டின் பல்லவிக்கும் இதே சோதனைதான். ஆனால் இந்த எளிமை மட்டும் போதாது. திரும்பத் திரும்ப வருகிற அடி சலிக்காமல் இருக்க வேண்டுமானால், காது எதிர்பார்க்கிற இடத்துக்குப் போகாமல் மெட்டு எங்கேனும் ஓரிடத்தில் விலக வேண்டும். எவர் தொண்டைக்கும் எட்டுகிற எளிமையும், எவரும் எதிர்பாராத ஒரு விலகலும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே பாட்டில் அமைவதைத்தான் நான் பெரும் பாட்டு என்பேன். எளிமை மட்டும் உள்ளவை ஒரு பருவம் ஓடி மறைந்துவிடுகின்றன. விலகல் மட்டும் உள்ளவை இசை அறிந்தவர்களின் பாராட்டோடு நின்றுவிடுகின்றன.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நிகழ்ந்தது இதுதான். பவானிசாகருக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடாவில் படமாக்கப்பட்ட படம் என்பதால் நம் பக்கத்தில் அதன் மீது தனிப் பாசம் உண்டு. ஆனால் பாசத்தை விலக்கி வைத்துவிட்டே சொல்கிறேன். ‘மச்சானப் பாத்தீங்களா’ என்று எஸ். ஜானகி பாடும்போது, வாய்க்கால் மேட்டில் நிற்கும் பெண் எதிரே வருபவரிடம் கேட்கும் கேள்வியின் ஏற்ற இறக்கம் அந்த மெட்டில் அப்படியே இருக்கிறது. பேச்சுக்கு இவ்வளவு நெருங்கிய மெட்டைப் பாட எவருக்கும் பயிற்சி தேவையில்லை. பல்லவி முடிந்ததும் இளையராஜாவின் இடையிசை வேறோர் உலகத்தைத் திறக்கிறது. நாட்டுப்புற மெட்டையும் மேற்கத்திய வாத்திய அமைப்பையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கேட்டவர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. அவருடைய பாடல்களின் இடையிசையை வாயால் முழுமையாக இசைத்துக் காட்டும் பேருந்து நடத்துநர்களைச் சத்தியமங்கலம் சாலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரிகளே இல்லாத பகுதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த மனிதருக்கு உங்கள் கொள்கை என்ன விடை சொல்லும்?

கடல் கடந்தும் இதே இயல்பைக் காண்கிறேன். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1965இல் வெளியிட்ட ‘யெஸ்டர்டே’ இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும் பாட்டு. மெட்டு முதலில் பிறந்தது. வரிகள் அமையும் வரை அதை இயற்றிய பால் மெக்கார்ட்னி முட்டைப் பொரியலைப் பற்றிய பொருளற்ற சொற்களை அதில் இட்டு நிரப்பியிருந்தார். நம் இசையமைப்பாளர்கள் வரிக்கு முன் ‘தன்னானே’ என்று பொருளற்ற அசைகளால் மெட்டைச் சொல்லித் தத்தகாரம் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அத்தகைய மேற்கத்தியப் பாடல்களில் ஒரு பகுதி வழக்கமாக எட்டுத் தாளக்கட்டுகளில், அதாவது தாளத்தின் எட்டுச் சுற்றுகளில், முடியும். ‘யெஸ்டர்டே’யில் ஏழிலேயே முடிந்துவிடுகிறது. கேட்பவர் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் எதிர்பார்த்ததற்கு ஒரு படி முன்பே அடுத்த அடி வந்து சேர்வதை உடல் உணர்கிறது. குழந்தையும் பாடக்கூடிய அந்த மெட்டை இத்தனை ஆண்டுகளாகப் புதிதாக வைத்திருப்பவற்றுள் அந்தக் குறைந்த ஒரு கட்டும் சேரும்.

இதனால் வரிகளுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வரியின் முதல் கடமை ஒலியில் இருக்கிறது என்பதே என் வாதம். மெட்டு நீண்டு நிற்கிற இடத்தில் தொண்டை திறக்கும் நெடில் வேண்டும். அங்கே ‘பாட்டு’ என்பதைப் போல வல்லினத்தின் மேல் ஏறிய குறுகிய உகரத்தில் முடியும் சொல்லை வைத்தால் பாடுபவருக்கு மூச்சு முட்டும். 1992இல் ‘ரோஜா’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’யை இந்தக் காதோடு ஒருமுறை கேளுங்கள். சிறிய சொற்கள் அடுக்கடுக்காக வந்து, ஒவ்வோர் அடியும் ‘ஆசை’யில் இறங்குகிறது, அந்த ‘ஆ’வில்தான் பாட்டு மூச்சு விடுகிறது. பொருள் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த வரிகளுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது தகுதியானதே. மெட்டின் நெளிவை இவ்வளவு கூர்ந்து கேட்ட கவிஞருக்கு அது உரியது.

என் மைத்துனரின் விசைத்தறிக் கூடம் சோமனூர்ப் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். தறிகள் ஓடும்போது அங்கே வயலினும் புல்லாங்குழலும் காதில் விழுவதில்லை. குரலின் மேடு பள்ளமும் தாளத்தின் அடியும் மட்டுமே வந்து சேர்கின்றன. அந்த இரைச்சலைத் தாண்டியும் எந்தப் பாட்டு என்று தெரிந்துவிடுகிற பாடல்களே அங்கே நாள் முழுவதும் ஓடுகின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959இல் மோட்டவுன் இசை நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தம் நிறுவனத்தின் பாடல்களைக் கார் வானொலியில் இருப்பது போன்ற சிறிய ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்க்கச் செய்தார், ஏனெனில் மக்கள் அவற்றைக் கேட்கப் போவது அதில்தான். தறிக்கூடம் தானாகச் செய்கிற சோதனையை அவர் திட்டமிட்டுச் செய்தார்.

இக்காலப் பாடல்களைப் பற்றி நீங்கள் கொண்டுள்ள வெறுப்பு எனக்கு இல்லை. சுருக்கம் குற்றமன்று, பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் இருந்தது, அதற்குள்தான் நாம் போற்றுகிற பாடல்கள் பல பிறந்தன. எனக்கு வருத்தம் தருவது வேறு. கைபேசியில் சில நொடிகள் ஓடுவதற்காக ஓர் அடியை மட்டும் செதுக்கிவிட்டு, சரணத்தை எப்படியோ நிரப்பிவிடும் வழக்கம் பெருகிவருகிறது. சரணம் பல்லவியை விட்டு எவ்வளவு தூரம் போய், எந்த வழியாகத் திரும்பி வந்து சேர்கிறது என்பதில்தான் இசையமைப்பாளரின் முழுத்திறனும் வெளிப்படும். திரும்பும் வழி அழகாக இருந்தால், ஆயிரம் முறை கேட்ட பல்லவியும் ஆயிரத்தோராவது முறை புதிதாக ஒலிக்கும்.

உங்களை நான் முழுமையாக மறுத்துவிட்டதாக எண்ணவில்லை. ஆகையால் ஒரு வேண்டுகோள்: மெட்டை நீக்கிவிட்டு வெறும் செய்யுளாக வாசித்தாலும் அதே வலிமையோடு நிற்கும் என்று நீங்கள் கருதும் கண்ணதாசன் பாட்டு ஒன்றைத் தேர்ந்து எழுதுங்கள். அதன் மெட்டு எங்கே விலகுகிறது என்பதை நான் தேடி எழுதுகிறேன். விலகலே இல்லாத பாட்டு ஒன்றை நீங்கள் காட்டிவிட்டால், என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் இராமசாமி